இரண்டு வான்காரரும் ஒரு வாங்கும்

நான் வேலை செய்வது ஒரு முதலீட்டுக் கம்பனியின் யாழ்ப்பாணக் கிளையில். கம்பனி மற்றவர்களின் தொழில்களில் பணம் போடும். கம்பனிக்கு வேண்டியதை நான் வாங்குவேன்: கடதாசி, தண்ணீர்ப் போத்தல், ஜெனரேற்றருக்கு டீசல், பணம் போட்ட தொழில்களைப் போய்ப் பார்த்துவர வான் வண்டி. கொள்வனவு அதிகாரி என்று பெயர். அதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தப் போய் எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "அப்ப நீ கந்தோருக்குக் கடைக்குப் போற ஆளோ?" என்று கேட்டா. ஓம் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் சும்மா கடையில்லை, சட்டம் போட்ட கடை. சாரதிக்கு ஒழுங்கான சம்பளமும் ஓய்வும் கிடைக்க வேண்டும். ரயர் தேய்ந்திருக்கக் கூடாது. எதற்கும் ஒரே ஆளை நம்பியிருக்கக் கூடாது. அவர் கைவிட்டால் ஓடிவர இன்னொருவர் இருக்க வேண்டும். அந்த இருவருக்கும் ஒட்டோ உறவோ இருக்கவே கூடாது, இருந்தால் விழும்போது சேர்ந்தே விழுவார்கள். இவர்கள் யாரிடமும் நாங்கள் ஒரு பிளேன் ரீகூட வாங்கிக் குடிக்கக் கூடாது. இந்தச் சட்டங்களில் எனக்குப் பெரிய பக்தி. தலைமைக் கந்தோரில் சட்டம் எழுதியவர்களுக்கே அவ்வளவு இருந்திருக்காது.

வானுக்கு முதல் ஆள் உடுவிலில் இருக்கிற ஒரு அண்ணை. மாற்று ஆள் சாவகச்சேரி அண்ணை. இருவருக்கும் ஆகவே ஆகாது. "உவன்ரை வானிலை ஏறினால் வேலாயுதம் துணை எண்டு சொல்லிப்போட்டு ஏறுங்கோ" என்பார் உடுவில் அண்ணை. "அவருக்குப் பிறேக் எங்கை இருக்குதெண்டே தெரியாது" என்பார் மற்றவர். கேட்கக் கேட்க எனக்கு உச்சி குளிரும். இதைவிடச் சுத்தமான மாற்று ஏற்பாடு இலங்கையிலேயே இல்லை என்று மேலிடத்துக்கு எழுதியும் விட்டேன்.

எழுதாமல் இருக்கவும் முடியாது. எல்லாக் கிளைகளுக்கும் கொழும்புக் கம்பனி ஒன்றின் வானையே பிடிப்போம் என்று மேலிடத்தில் பேச்சு அடிபட்டது. எங்கள் ஒப்பந்தத்தை நம்பித்தான் இரண்டு அண்ணைமாரும் புது வான் எடுத்திருந்தார்கள். நான் சண்டை பிடித்தேன். கடைசியில் ஒரு சோதனைக்கு ஒத்துக்கொண்டார்கள்: முதல் ஆள் வராத ஒரு நாளில், முன்கூட்டிச் சொல்லாமல் மாற்று ஆளைக் கூப்பிட வேண்டும், ஒரு மணித்தியாலத்துக்குள் வான் வாசலில் நிற்க வேண்டும். வராவிட்டால் இருவருக்கும் ஒப்பந்தம் போய்விடும்.

அந்தச் சமயம் பார்த்து உடுவில் அண்ணையும் மனைவியும் கலியாணம் சொல்ல வந்தார்கள். நாலு மூலையிலும் மஞ்சள் பூசிய அழைப்புக் காட்டை நீட்டினார்கள்.

"மகளுக்குக் கலியாணம், பிள்ளை. அண்டைக்கு மட்டும் வான் வராது. மாப்பிள்ளை ஆரெண்டால்..."

"வேண்டாம் அண்ணை, சொல்லாதையுங்கோ. கேட்டால் வர ஆசை வந்திடும். எங்களுக்குச் சட்டமெல்லோ" என்று கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டேன். அவருடைய மனைவியின் முகம் வாடிவிட்டது. எனக்கும் அந்தரமாகத்தான் இருந்தது. ஆனாலும் திகதியைக் கேட்டு வைத்தேன். சோதனைக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்குமா?

அடுத்த கிழமை சாவகச்சேரி அண்ணையும் ஒரு காட்டோடு வந்தார். ஆவணி மாதம், ஊரெல்லாம் கலியாணம்தானே. "பிள்ளை, ஒரு விசயம்..." என்று அவர் தொடங்கும்போதே நான் கும்பிட்டுவிட்டேன். பாவம், வந்த வழியே திரும்பிப் போனார். என் நேர்மையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

சோதனை நாள். இடர்களைப் பார்க்கும் அதிகாரி கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்து இறங்கினா. மெலிந்த மனுசி, பேச்சும் அளந்துதான். காலைச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டு மேசையில் கைபேசியை வைத்தா. "கூப்பிடுங்க. சத்தமாப் போடுங்க, நானும் கேக்கணும்."

சாவகச்சேரி அண்ணையைக் கூப்பிட்டேன். மேளம் காதைப் பிளந்தது.

"அண்ணை, கந்தோரிலையிருந்து. உடனை ஒரு வான் வேணும், பருத்தித்துறைக்கு!"

"என்ன பிள்ளை பகிடி விடுறியள்? இண்டைக்கு என்ரை மகன்ரை கலியாணமெல்லோ! வானெல்லாம் ஆக்களை ஏத்தப் போயிட்டுது."

சத்தத்தைக் குறைக்கக் கையை நீட்டினேன். அதற்குள் அந்தப் பக்கம் போன் கைமாறியது. "பிள்ளை, பயப்பிடாதையுங்கோ. நாங்கள் இருக்கிறம். வான் வரும்" என்றது இன்னொரு குரல்.

அதிகாரி புருவத்தை உயர்த்தினா. "இது யாரு?"

"முதல் ஆள்" என்றேன்.

"முதல் ஆள் எப்படி மாற்று ஆளோட போன்ல பேசுறாரு?"

எனக்கும் அப்போதுதான் விளங்கியது. ஒரே மண்டபம், ஒரே மேளம். பெண்ணின் தகப்பன் என் முதல் ஆள், மாப்பிள்ளையின் தகப்பன் என் மாற்று ஆள். அழவேண்டிய நேரம் அது. எனக்கோ சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், மூக்கால் வந்தது.

ஒரு மணித்தியாலத்துக்குள் வான் வந்து நின்றது. முன்பக்கம் முழுக்க மல்லிகைச் சரம், கண்ணாடியில் சந்தனப் பொட்டு. சாரதியை நான் முன்பின் பார்த்ததில்லை. யாழ்ப்பாண ரவுணில் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் வீடாம், வானும் தன்னுடையதாம். அதிகாரி முதலில் இருக்கைப் பட்டியை இழுத்துப் பார்த்தா, பிறகு குனிந்து ரயரைப் பார்த்தா. எல்லாம் புதிதாக இருந்தன.

"உங்களை அனுப்பினது ரெண்டு பேர்ல யாரு?"

"ரெண்டு பேரும்தான் மிஸ். எப்பவும் வான் தட்டுப்பாடு எண்டால் ரெண்டு பேரும் என்னைத்தான் கூப்பிடுவினம். மற்றவருக்குச் சொல்ல வேண்டாம் எண்டு ரெண்டு பேரும் சொல்லுவினம்."

"அவங்க உங்களுக்குச் சொந்தமா?"

அவர் சிரித்துவிட்டார். "நாங்கள் முஸ்லிம் ஆக்கள் மிஸ். தொண்ணூறிலை எங்கடை ஆக்களை எல்லாம் இஞ்சையிருந்து வெளியேத்தினபோது நான் சின்னப் பிள்ளை, புத்தளத்திலை வளந்தனான். திரும்பி வந்து வான் ஓடுறன். சொந்தம் எண்டு இஞ்சை பெரிசா ஒருத்தருமில்லை."

பருத்தித்துறை வீதியில் கொஞ்சத் தூரம் போயிருப்போம். நடு வீதியில் பட்டு வேட்டியோடு இரண்டு பேர் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். என் இரண்டு அண்ணைமாரும்தான். பின்னால் கலியாண மண்டபம்.

"வாசலாலை போறவை சாப்பிடாமல் போறதோ? இறங்குங்கோ!"

நான் இறங்கியதும் சண்டைக்குப் போனேன். "அண்ணை, ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லத்தானே வந்தனான். வாயைத் திறக்க விட்டனியளோ?" என்றார் சாவகச்சேரி அண்ணை. "சரி, சம்பந்தி சொல்லியிருப்பார் எண்டு இருந்திட்டன்."

"நான் நீர் சொல்லியிருப்பீர் எண்டு நினைச்சன்" என்றார் மற்றவர்.

"ஆகாத ரெண்டு பேர் எப்பிடிச் சம்பந்தியானியள்?"

"அதை உங்களை எல்லோ கேக்கவேணும்!" உடுவில் அண்ணைக்குச் சிரிப்பில் சால்வை நழுவியது. "ரெண்டு பேரும் ஒரே நாளிலைதான் பில் கொண்டுவரவேணும் எண்டு சட்டம் போட்டது ஆர்? நான் மகளை அனுப்பினன், இவர் மகனை அனுப்பினார். மாசா மாசம் உங்கடை கதவுக்கு முன்னாலை கிடக்கிற வாங்கிலை பக்கத்திலை பக்கத்திலை இருத்தி வைச்சனீங்கள். பிறகு ஆர் தடுக்கிறது?"

இரண்டு பேர் இருக்கக்கூடிய அந்த மர வாங்கு நான் வாங்கிப் போட்டது. மூன்று விலை கேட்டு, நல்ல வேம்பில் பார்த்து வாங்கினது. அதில் ஒரு இடர் இருக்கிறதென்று எனக்குத் தோன்றவேயில்லை. அதிகாரி முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தா. பிறகு சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டா.

"வான் வந்தது, சரி. ஆனா உங்க ரெண்டு பேரையும் இனி நான் ஒரே ஆளாத்தான் பார்ப்பேன்."

மேளம் நின்ற நேரம் அது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "அப்ப ஒராளை வெட்டுவியளோ மிஸ்?" என்றார் உடுவில் அண்ணை மெதுவாக. "வெட்டுறதெண்டால் என்னை வெட்டுங்கோ. பொடியன் இனி என்ரை பிள்ளை, அவன்ரை வீட்டு வான் ஓடட்டும்."

"யாரையும் வெட்டல. ரெண்டு பேரும் சேர்ந்து முதல் ஆள். மாற்று ஆளா..." என்று அவ திரும்பி, வான் கதவில் சாய்ந்து நின்ற சாரதியைப் பார்த்தா. "பிள்ளை" என்று என்னையும் அண்ணைமார் மாதிரியே கூப்பிட்டா. "இவரைப் பதியுங்க."

"சாப்பாடு?" என்றார்கள் இரண்டு தகப்பன்மாரும் ஒரே குரலில்.

"மறைச்சாத்தான் தப்பு. சாப்பிட்டோம்னு நானே எழுதிக் கொடுக்கிறேன்" என்றுவிட்டு அவ எல்லோருக்கும் முன்னால் பந்தியை நோக்கி நடந்தா. இரவு ரயிலில் பசியோடு வந்த மனுசி அல்லவா.

வாழையிலைக்கு முன்னால் சாரதியும் எங்களோடு இருந்தார். நான் தொழிலை விடவில்லை. "வீட்டிலை ஏதும் கலியாணம் கிலியாணம் வருதோ?" என்று கேட்டேன்.

"மூத்த மகளுக்குப் பேசுறம்" என்றார். கொஞ்சம் தயங்கினார். "இஞ்சை திரும்பி வந்த பிறகு வீட்டிலை நடக்கிற முதல் கலியாணம். சொல்ல ஆக்கள் குறைவு. சொன்னால் வருவியளோ?"

"ஓம், கட்டாயம் வாறன்" என்றேன், அதிகாரி வாயைத் திறக்கும் முன்னரே.

அவ பாயசத்தை உறிஞ்சி முடித்துவிட்டு நிமிர்ந்தா. "நானும் வர்றேன். தேதி குறிச்ச உடனே சொல்லிடுங்க, அன்னிக்கு வானுக்கு வேற மாற்று ஆள் தேடணும்."