கரையம்மாவும் சின்னவள் வாங்கிய படகும்

துறைமுகத்து மீட்பு நிலையத்தில் பதினேழு வருடமாக வயர்லெஸ் பார்த்து வந்தவளுக்குக் கடலோடிகள் வைத்த பெயர் கரையம்மா. எந்தப் படகு கூப்பிட்டாலும் "கரை பேசுது, சொல்லுங்க" என்றுதான் அவள் ஆரம்பிப்பாள். அதனால் வந்த பெயர். மாடியில் ஓர் அறை, கடலைப் பார்த்த ஜன்னல், இரண்டு வயர்லெஸ் பெட்டிகள், மணி நிமிடத்தோடு எழுத வேண்டிய பதிவேடு, மூடி தொலைந்த ஃபிளாஸ்க். அவளுடைய ராஜ்யம் அவ்வளவுதான். கீழே இரண்டு மீட்புப் படகுகள் நிற்கும். எஞ்சின் நின்றவன், திசை தப்பியவன் எல்லாரையும் அவள் குரல்தான் கரைக்கு இழுத்து வரும். பயத்தில் அழுகிறவனிடம், "முதல்ல லைஃப் ஜாக்கெட்ட மாட்டுங்க, அப்புறம் அழுங்க" என்பாள். அவனும் அப்படியே செய்வான்.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு தீராத வியாதி இருந்தது. அதற்குப் பெயர் சின்னவள்.

சின்னவள் என்றால் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. கரையம்மாவுக்கு ஐந்து வருடம் பின்னால் அந்த வீட்டுக்கு வந்தவள். வந்த நாளிலிருந்து அவளுக்கு எல்லாம் தானாக வந்து மடியில் விழுந்தது. மாமியார் யாருக்கும் கொடுக்காத கண்ணாடி அலமாரியை அவளுக்குக் கொடுத்தாள். அவள் பிள்ளைகள் படிக்காமலே மார்க் வாங்கின. நாற்பதைத் தாண்டியும் அவள் தலையில் ஒரு நரை கிடையாது. கரையம்மா வாங்குவதெல்லாம் தள்ளுபடியில் வந்த பொருளாகவும், சின்னவள் தொட்டதெல்லாம் பொன்னாகவும் இருந்தால் வயிறு எரியாமல் என்ன செய்யும்? எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

கொழுந்தனுக்கு டைல்ஸ் வியாபாரம் சூடுபிடித்த வருடம், அவர்கள் வெண்முத்து என்று ஒரு வெள்ளைப் படகு வாங்கினார்கள். பின்பக்கம் மெத்தை வைத்த சீட்டு, மேலே துணிக் கூரை. ஓட்டுவது கொழுந்தன்கூட இல்லை, சின்னவள்தான். வாடகை சைக்கிளுக்கே அடையாள அட்டை கேட்கிற ஊரில், படகை எடுத்துக்கொண்டு நடுக்கடலுக்குப் போக ஒரு துண்டுச் சீட்டும் தேவையில்லை. பதினேழு வருடம் கடலைக் காதால் கேட்டவள் மாடியில் உட்கார்ந்திருக்க, நேற்று வரை பஸ்ஸில் ஏறினாலே வாந்தி எடுத்தவள் சுக்கான் பிடித்துக்கொண்டு போனாள். அல்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்று கரையம்மா கணவனிடம் சொன்னாள். அவர் தம்பி விஷயத்தில் காது கேளாதவர். பேப்பரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

அதைவிடக் கொடுமை ஞாயிற்றுக்கிழமை காலை. புறப்படும் முன் படகுக்காரர்கள் வயர்லெஸ்ஸைச் சோதித்துக்கொள்வது வழக்கம். நிலையம் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

"கரை, கரை, வெண்முத்து பேசுது. என் குரல் கேக்குதா?"

பின்னால் பாட்டும் பிள்ளைகளின் சிரிப்பும் கேட்கும். கரையம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "தெளிவா கேக்குது" என்பாள். பிறகு அதையே பதிவேட்டில் தன் கையால் எழுதவும் வேண்டும்.

அவள் பல வருடமாக மேலிடத்துக்கு ஒரே மனுவைத்தான் திரும்பத் திரும்ப அனுப்பி வந்தாள். உல்லாசப் படகு ஓட்டுகிற எல்லாருக்கும் பரீட்சை வைத்து உரிமம் கொடுக்க வேண்டும். உரிமக் கட்டணம் மீட்பு நிலையத்துக்கு வர வேண்டும். ஏனென்றால் நிலையம் அதுவரை ஓடியது மீனவர் பணத்தில். ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு கூடை மீனிலும் ஒரு பங்கு அதற்குப் போனது. ஆனால் காப்பாற்றச் சொல்லிக் கூப்பிடுகிறவர்களில் மூன்றில் இரண்டு பேர் உல்லாசப் படகுக்காரர்கள். "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது போல இருக்கிறது" என்று மனுவிலேயே எழுதியிருந்தாள். அதிகாரி அந்த வரியை மட்டும் சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார். சின்னவள் படகு வாங்கியபின் மனுக்களின் வேகம் கூடியது. பரீட்சையில் சின்னவள் தோற்று வெளியே வருவதாக இரண்டு முறை பகல் தூக்கத்தில் கனவும் வந்தது. மனு ஊர் நன்மைக்கா, தன் வயிற்றெரிச்சலுக்கா என்று அவளுக்கே தெரியாமல் போயிற்று.

அப்படியிருக்கும்போதுதான் மாமியார் வீட்டில் ஒருநாள் சாப்பாடு முடிந்து இரண்டு பேரும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். கழுவியது பெரியவளான கரையம்மா. துடைத்தது சின்னவள்.

"ஒருநாள் எங்ககூட கடலுக்கு வாங்களேன் அக்கா. பாவம், நீங்க ஜன்னல் வழியா பாக்கறதோட சரி" என்றாள் சின்னவள். அதே மூச்சில், "ஆமா, நங்கூரக் கயித்தப் படகுல எங்க கட்டணும்? முன்னாடியா, பின்னாடியா?" என்றும் கேட்டாள்.

முன்னால்தான் கட்ட வேண்டும். பின்னால் கட்டினால் படகு அலைக்கு முதுகைக் காட்டி நிற்கும். எஞ்சின் பாரத்தில் ஏற்கெனவே தாழ்ந்திருக்கிற பின்பக்கத்தை அலை அமுக்கி உள்ளே வந்துவிடும். இதை முன்பின் தெரியாத நூறு பேருக்குக் கரையம்மா சொல்லியிருக்கிறாள். ஆனால் அந்தப் 'பாவம்' அவளைச் சுட்டுவிட்டது.

"உனக்கு எங்க வசதியோ அங்க கட்டிக்கோ" என்று சொல்லிவிட்டு, அடிப்பிடிக்காத பாத்திரத்தைப் போட்டுத் தேய்த்தாள்.

மூன்று வாரம் கழித்து ஞாயிறு மதியம் வயர்லெஸ் அலறியது.

"கரை, கரை... அக்கா! பின்பக்கமா தண்ணி உள்ள வருது!"

"நங்கூரம் எங்க கட்டியிருக்க?"

"பின்னாடி, சீட்டுகிட்ட."

கரையம்மா மைக்கை வாயருகே இழுத்தாள். "கத்திய எடு. கயித்த அறு. உடனே."

"புதுக் கயிறு அக்கா..."

"அறுடி!"

பதினேழு வருடத்தில் அந்த வயர்லெஸ்ஸில் அவள் சொன்ன முதல் 'டி' அது. மீட்புப் படகு போய்ச் சேர இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. அதற்குள் வெண்முத்து கவிழ்ந்திருந்தது. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு சின்னவள், கொழுந்தன், இரண்டு பிள்ளைகள், நான்கு பேரும் உயிரோடு மிதந்தார்கள். கொழுந்தனுக்குக் கை முறிந்திருந்தது.

"என் பெரிய மருமக இல்லன்னா என் வம்சமே போயிருக்கும்" என்று மாமியார் வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொன்னாள். எத்தனை வருடம் ஏங்கிய பாராட்டு! இப்போது அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் அடுப்படிக்குள் போய்விடுவாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா? நங்கூரத்தைப் பற்றிக் கேட்டதைச் சின்னவள் யாரிடமும் சொல்லவில்லை. கரையம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் இருமினால்கூட, இதோ சொல்லப்போகிறாள் என்று தோன்றும். சொன்னால் வேலையும் போகும், வீட்டில் முகமும் போகும். இரண்டு மாதம் இப்படியே சோறு இறங்காமல் போனது.

அந்த விபத்தைச் சாக்காக வைத்து அரசாங்கம் ஒரு குழு போட்டது. நகராட்சிக் கூடத்தில் பொது விசாரணை. தலைமை, ஓய்வுபெற்ற ஒரு நீதிபதி அம்மாள். உல்லாசப் படகுச் சங்கத்தின் செயலாளர் முதலில் எழுந்தார்.

"கடல் எல்லாருக்கும் பொது. வீடு தீப்பிடிச்சா தீயணைப்பு வண்டி வந்து காசு கேக்குதா? எங்ககிட்ட மட்டும் ஏன் கட்டணம்?"

மீனவர் தலைவர் உட்கார்ந்தபடியே பதில் சொன்னார். "வீடு எல்லாருக்கும் வேணும் ஐயா. உல்லாசம் உங்களுக்குத்தான வேணும்? உங்க ஞாயித்துக்கிழமைக்கு எங்க மீன் ஏன் காசு குடுக்கணும்?"

கூடம் சிரித்து ஓய்ந்ததும் சின்னவளைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்த விதத்திலேயே அவளுக்குப் பயம் இல்லை என்று தெரிந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. கடைக்காரர் சாவியக் குடுத்தார், போட்டோ எடுத்தார், அனுப்பிட்டார். பரீட்சைன்னு ஒண்ணு இருந்தா படிச்சிருப்பேன். கட்டணமும் கட்டறேன். என் பிள்ளைங்க உயிரவிட அது பெருசா?"

கைத்தட்டல் கூரையைத் தொட்டது. கரையம்மா வருடக்கணக்கில் எழுதியதை இவள் இரண்டு நிமிடத்தில் சொல்லிக் கைத்தட்டலும் வாங்கிக்கொண்டாள். இத்தனை பயத்துக்கு நடுவிலும் கரையம்மாவின் வயிறு தன் வேலையை மறக்கவில்லை.

செயலாளர் விடவில்லை. "உங்க ஓரகத்தியே நிலையத்துலதான இருக்காங்க? ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதுமே. வீட்டுலயே வாத்தியார வச்சுக்கிட்டு ஊருக்கெல்லாம் பரீட்சை எதுக்கு?"

சின்னவள் கூட்டத்தில் அவளைத் தேடிப் பார்த்துச் சிரித்தாள்.

"அவங்க வேலை முடிஞ்சு களைச்சு வருவாங்க. வீட்டுலயும் போய் நான் அதையே கேக்கலாமா?"

தப்பித்தோம் என்ற நிம்மதி ஒரு நொடிதான் இருந்தது. அடுத்த நொடி பற்றிக்கொண்டது. ஆக, எல்லாம் தெரிந்தே மறைக்கிறாள்! காட்டிக்கொடுக்க மனசில்லாத உத்தமி. படகு, அலமாரி, மாமியாரின் செல்லம் போதாதென்று பெருந்தன்மையும் இவளுக்கே சொந்தமா? இனிக் காலமெல்லாம் இவள் போட்ட பிச்சையில் நான் தலை நிமிர்ந்து நடக்க வேண்டுமா? வேலை போனாலும் போகட்டும் என்று கரையம்மா எழுந்துவிட்டாள். யாரும் கூப்பிடாமலே மைக் அருகே போனாள்.

"அவ கேட்டா. நங்கூரம் எங்க கட்டணும்னு என்னைக் கேட்டா. நான்தான் சொல்லல."

நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"பொறாமைங்க."

அம்மாள் செயலாளர் பக்கம் திரும்பி, "நீங்க சொன்ன வீட்டு வாத்தியார் பேசினதக் கேட்டீங்களா? வீட்டு ஆளே சொல்லல. இனிமே பரீட்சை வேணாம்னு வாதாடாதீங்க" என்றார். செயலாளர் உட்கார்ந்தார். உரிமமும் கட்டணமும் இனி வந்தே தீரும் என்று அங்கிருந்த எல்லாருக்கும் புரிந்தது. கரையம்மாவின் வேலை விஷயத்தை நிலைய அதிகாரி தனியாக விசாரிப்பார் என்றும் எழுதிக்கொண்டார்கள்.

வெளியே நடையில் சின்னவள் ஓடி வந்தாள். கரையம்மா தயாராக நின்றாள். திட்டட்டும், அறையட்டும், மன்னிப்பை மட்டும் கொடுத்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

"அக்கா, நான் எப்பக்கா அதக் கேட்டேன்?"

"அத்தை வீட்டுல. பாத்திரம் கழுவறப்போ."

சின்னவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். நடிப்பில்லை. உண்மையாகவே யோசித்தாள்.

"சத்தியமா ஞாபகம் இல்லக்கா. அன்னிக்கு நீங்க இருந்தீங்களா என்ன? சீட்டு பக்கத்துல வளையம் இருந்துச்சு, கட்டிட்டேன். இதுக்குப் போய் வேலையக் கெடுத்துக்கிட்டீங்களே!" என்றவள், "இருங்க, வண்டிய எடுத்துட்டு வரேன்" என்று சாவியோடு ஓடினாள்.

மறைக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. கண் விழித்ததிலிருந்து படுக்கிற வரை கரையம்மா மனசில் சுமந்து திரிந்த அந்தச் சின்னவளின் நினைப்பில், கரையம்மா நிற்க ஓர் ஓரம்கூட இல்லை. கரையம்மாவுக்கு அழுகை வந்தது. வண்டி வருவதற்குள் பின்வாசல் வழியாக இறங்கி, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து வேகமாக நடந்தாள்.