தியேட்டரில் காற்று குறைந்த நாள்

ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் தியேட்டருக்குள் காற்று சரியான வேகத்தில் வருகிறதா என்று அளந்து கையெழுத்துப் போடுவது என் பிழைப்பு. கருவி ஒன்றும் பிரமாதமில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டி ஃபேன், கீழே கைப்பிடி. கூரையில் காற்று வரும் ஜாலிக்கு நேராகப் பிடித்தால் ஃபேன் சுற்றும், விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று காட்டும். இதற்கு மூளை வேண்டாம், கழுத்துவலி தாங்கினால் போதும். அதனால்தான் என்னை வைத்திருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரி. போன தடவை இரண்டு காட்டிய ஜாலியில் ஒன்றேகால் காட்டியது. ஏணியை நகர்த்தி அடுத்ததில் பிடித்தேன். ஒன்று. மூன்றாவதில் குட்டி ஃபேன் சுற்றுவதற்கே யோசித்தது.

எனக்கு வியர்த்தது. ஏணிமேல் பயந்தால் ஒரு சௌகரியம், கால் நடுங்குவதைக் கீழே இருப்பவர்கள் ஏணியின் ஆட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வாசலில் இருந்து நர்ஸம்மா தெலுங்கு கலந்த தமிழில் கேட்டார். "நாளைக்கு ஏழு ஆபரேஷன் உந்தி சார். காலையில ஏழரைக்கு முதல் கேஸு. ஓகேதானே?"

"பாத்துக்கினே இருக்கேன்மா" என்றேன், எண்களை உற்றுப் பார்த்தால் ஏறிவிடும் என்பதுபோல.

காற்று குறைந்தால் கிருமி வெளியே போகாது. கையெழுத்துப் போட்டால் யாருக்காவது புண் சீழ் பிடிக்கலாம். போடாவிட்டால் ஏழு பேர் நாளைக்கு வெறும் வயிற்றோடு வீடு திரும்பவேண்டும். அதற்குள் என் தலைக்குள் போலீஸ் ஸ்டேஷன், கோர்ட், பேப்பரில் பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் வந்துவிட்டன. போட்டோவில் தொப்பை தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

ஏணியைப் பிடித்திருந்த எலக்ட்ரீஷியன் நகரிக்காரர். மாடிக்குப் போய், காற்றைத் தள்ளும் ப்ளோயரைப் பார்த்துவிட்டு வந்தார். "பெல்ட்டு டைட்டா கீது சார். ஃபில்டரு போன வாரந்தான் மாத்துனோம். இன்னா கொறை உங்க காத்துக்கு?"

நான் இறங்கி, மீட்டரை அவரிடம் கொடுத்துவிட்டு நர்ஸம்மாவிடம் போய், "டாக்டர்கிட்ட சொல்லிடுங்கம்மா, நாளைக்கு வேணாம்" என்றேன். அவர் உடனே போனை எடுத்தார். டாக்டர் எடுக்கவில்லை.

"சார்," எலக்ட்ரீஷியன் என் மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்க மீட்டரு குளிச்சிட்டு சாமி கும்பிட்டுட்டு வந்துக்கிதா?"

நாலு நாள் முன்னால் ஆயுத பூஜை. ஸ்பேனர், ஏணி, பைக் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். சோறு போடுகிற மீட்டருக்குக் கொஞ்சம் தாராளமாக, ஃபேனின் நட்டநடுவில். சந்தனம் அச்சுக்குள் இறங்கிக் காய்ந்திருந்தது. ஊதிப் பார்த்தேன். இரண்டு சுற்று சுற்றி நின்றது.

"பக்தி ஜாஸ்தியாயிட்சி சார்" என்றார்.

நர்ஸம்மா போனை வைத்துவிட்டு ஸ்பிரிட்டும் பஞ்சும் ஊசியும் தந்தார். துடைத்து மறுபடி பிடித்தேன். இரண்டு. இரண்டு. இரண்டுக்குக் கொஞ்சம் மேலே. ஆனாலும் சந்தனம் துன்ன மீட்டரை நம்பிக் கையெழுத்துப் போட தைரியமில்லை. ரேணிகுண்டாவில் இதே வேலை செய்யும் நண்பரை அவர் மீட்டரோடு வரவழைத்தேன். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. அதற்குப் பிறகுதான் பேனாவைத் திறந்தேன்.

வெளியே வந்து பைக்கை உதைக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. பூஜைக்கு மறுநாள் சித்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய், காற்று குறைவு என்று எழுதி, ப்ளோயர் வேகத்தைக் கூட்ட வைத்திருந்தேன்.

அங்கிருந்த மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"நீங்க சொன்னப்புறம் காத்து சூப்பரா வருது சார்" என்றார் சந்தோஷமாக.

"அது வந்து... முன்னாடியே சரியாத்தான் வந்துக்கினு இருந்தது சார். என் மீட்டர்தான் தப்பு."

அவர் குரலில் இருந்த சந்தோஷம் போய்விட்டது.

"காலையில வந்து திரும்ப அளந்து, நீங்களே எழுதினதை நீங்களே அடிச்சுத் திருத்திக் கொடுங்க" என்றார்.

"ஆறு மணிக்கே வந்துடறேன் சார்" என்றேன்.