ஒரு கிணறு, இரண்டு எஞ்சின்

இது நடந்தது அறுபதுகளின் நடுவில், கன்னிவாடிக்குப் பக்கத்தில் நான் வாழ்க்கைப்பட்ட ஊரில். மலையடிவாரம், தண்ணீருக்குப் பஞ்சமிருக்காது என்று சொல்லித்தான் என் அப்பா என்னை அங்கே கட்டிக் கொடுத்தார். மலை என்னவோ இருந்தது. மழைதான் அடுத்தடுத்துப் பொய்த்துப் போய், ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது.

என் வீட்டுக்காரருக்கும் அவருடைய பெரியப்பா மகனுக்கும் சேர்த்து ஒரே கிணறு. அந்தப் பெரியப்பா மகன் எனக்கு மூத்தார் முறை. ஒரு நாள் அவர்கள் இறைத்தால் மறுநாள் நாங்கள் இறைப்போம். வெட்டு குத்து என்று ஆனால்கூட அந்த முறையை மட்டும் எங்கள் பக்கத்தில் யாரும் மீற மாட்டார்கள். நான் போய்ச் சேருவதற்கு முன்பே இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றிருந்தது. வரப்பில் நின்ற ஒரு வேப்பமரத்தை யாரைக் கேட்டு வெட்டினாய் என்று ஆரம்பித்ததாம். அந்த மரம் விறகாகி எரிந்து சாம்பலாகியும் கோபம் ஆறவில்லை. பெண்கள் நாங்களும் பேசக்கூடாது என்று உத்தரவு.

இரண்டு வீட்டிலும் தென்னம்பிள்ளை வைத்திருந்தோம். கிணற்றுக்குக் கிழக்கே அவர்கள் தோப்பு, மேற்கே எங்களுடையது. இன்னும் ஓரிரு வருஷத்தில் பாளை விடும் என்ற வளர்ச்சி. சோளம் காய்ந்தால் அடுத்த மழைக்கு மறுபடியும் விதைக்கலாம். தென்னை காய்ந்தால் அத்தனை வருஷப் பாடும் போச்சு, அதன் பிறகு ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். இது இரண்டு வீட்டுக்கும் தெரியும்.

முதலில் இரண்டு வீட்டிலும் மாடு கட்டிக் கமலையில்தான் இறைத்தோம். மூத்தார் திடீரென்று ஒரு ஆயில் எஞ்சின் வாங்கி வந்து கிணற்றுக்குள் திட்டில் இறக்கினார். அது டுபுடுபுவென்று ஓடி, குழாயில் தண்ணீர் கொட்டியதைப் பார்த்த அன்று என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. பங்காளிக் காய்ச்சலுக்கு மருந்து எந்த வைத்தியரிடமும் கிடையாது. மறுநாளே அதே கம்பெனி, அதே பச்சைக் கலர் எஞ்சின் வேண்டும் என்று திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினார். துணிமணி எடுக்க வேண்டியிருந்ததால் நானும் கூடப் போனேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், காற்று திரும்பினால் தோல் பதனிடும் ஷாப்பு நாற்றம் வரும் இடத்தில், ஒரு பாய் எஞ்சின் கடை வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் வயதுதான் இருக்கும். எந்தக் கம்பெனிக்கும் ஏஜெண்டு இல்லை. எல்லாக் கம்பெனி எஞ்சினையும் வாங்கி விற்பார், எல்லாவற்றையும் ரிப்பேரும் பார்ப்பார். கடையில் பாதி இடம் பழைய சாமான். வாசலில் நாங்கள் கேட்ட அதே பச்சை எஞ்சின் ஒன்று புதுசாக நின்றது.

மனுஷர் எஞ்சினைப் பற்றிப் பேசவே இல்லை. கிணறு எவ்வளவு ஆழம், கோடையில் எவ்வளவு நிற்கும், ஊற்று எந்தப் பக்கம் என்று கிணற்றைப் பற்றியே கேட்டார். கடைசியில் கிணறு யார் யாருக்கு என்று கேட்டார். என் வீட்டுக்காரர் சொன்னதும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணன் எஞ்சினையே மொற வச்சு ஓட்டுங்க. ரிப்பேருன்னா நான் வந்து பாக்குறேன். ஒங்களுக்கு ரெண்டாவது எஞ்சினு வேணாம். நீங்க எத்தன எஞ்சினு எறக்குனாலும் உள்ள இருக்கிறது அதே தண்ணிதான்."

என் வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இந்தக் கூத்தாடிக்கு அந்தக் கொண்டாட்டம்கூட வேண்டாமாம், இவரெல்லாம் எப்படிக் கடை நடத்துவார் என்று தெரு முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார். நேரே வேறு ஏஜென்சிக்குப் போனார். அங்கே கிணற்றைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அந்த வாரமே எங்கள் திட்டிலும் ஒரு பச்சை எஞ்சின் வந்து உட்கார்ந்தது.

அதன் பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல? முன்பு மாடு களைத்தால் இறைப்பு நின்றுவிடும், கிணறும் மூச்சு விட்டுக்கொள்ளும். எஞ்சினுக்குக் களைப்பேது? அவர்கள் முறையில் அவர்கள் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சுவார்கள். மறுநாள் ஊறியதை நாங்கள் உறிஞ்சுவோம். சொட்டு மிச்சம் வைத்தாலும் அது எதிராளி தோப்புக்குப் போய்விடுமே. தண்ணீர் இறங்க இறங்க எஞ்சினையும் கயிறு கட்டிக் கீழ்த் திட்டுக்கு இறக்கினோம்.

பம்பு இறைக்கிற தண்ணீரில் கொஞ்சம் எஞ்சினுக்குள் போய்ச் சுற்றி அதைக் குளிர வைக்க வேண்டும். தண்ணீர் நின்ற பிறகும் ஓட்டினால் எஞ்சின் வெந்துபோகும். அது தெரிந்தும் என் வீட்டுக்காரர் வீம்புக்கு ஓட்டினார். ஒரு நாள் கரகரவென்று சத்தம் போட்டு எஞ்சின் நின்றது. பிஸ்டன் கருகி, அது ஓடுகிற இரும்புக் கூடான லைனரும் கீறிப் போயிருந்தது.

வாங்கிய ஏஜென்சியில், சாமான் மெட்ராஸிலிருந்து வரவேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். வெயிலோ கொளுத்தியது. தென்னங்குருத்து வாடத் தொடங்கிவிட்டது. நான் ஊர்க் குடிதண்ணீர்க் கிணற்றிலிருந்து குடத்தில் கொண்டுபோய் ஊற்றுவேன். யானைப் பசிக்குச் சோளப்பொரி. எதிர்த் தோப்பில் மூத்தார் சம்சாரமும் குடம் சுமப்பார். எனக்கு அக்கா முறை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பேசாமல் ஊற்றிவிட்டுப் போவோம்.

பாய் கடையைத் தவிர வேறு வழியில்லை. என் வீட்டுக்காரர் திண்டுக்கல் வரை வந்தார், சந்து முனை வரை வந்தார், அதற்கு மேல் கால் நகரவில்லை. எதிரே வெற்றிலைக் கடையில் நின்றுகொண்டு, நீயே போய்க் கேள் என்றார். கருகிய பிஸ்டனைத் துணியில் சுற்றிக்கொண்டு நான்தான் போனேன்.

பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'நான்தான் அன்னைக்கே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால்கூட எனக்குப் பாரம் குறைந்திருக்கும். வாசலில் நின்ற புது எஞ்சின் எப்போதோ விற்றுப் போயிருந்தது. பழைய சாமான் குவியலை முழுக்கக் கிளறினார், கிடைக்கவில்லை. அதன் பிறகுதான், முந்தின நாள் மூத்தார் வந்து போனதைச் சொன்னார். அவர் எஞ்சினும் நின்றுவிட்டதாம். பிஸ்டனைத் தாங்கிச் சுழல்கிற தண்டான கிராங்க் உடைந்துவிட்டது, பாய் போய்ப் பிரித்துப் பார்த்து, இனி அது ஆகாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"அவுக எஞ்சின்ல பிஸ்டனும் லைனரும் நல்லா இருக்கும்மா. ஒங்க எஞ்சின்ல கிராங்க் நல்லா இருக்கு. ரெண்டையும் சேத்தா ஒண்ணு ஓடும். ரெண்டு பேரும் சரின்னு ஒரு வார்த்த சொல்லணும், அம்புட்டுதான்."

அம்புட்டுதான் என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அந்த அம்புட்டுதான் எங்களிடம் இல்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து, சாமான் பையோடு அவரே பஸ் ஏறி வந்தார். முதலில் மூத்தார் வீட்டுக்குப் போனார். அவன் வந்து கேட்கட்டும் என்றாராம் மூத்தார். எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் கூப்பிட்டால் போகிறேன் என்றார் என் வீட்டுக்காரர். மறுபடியும் அங்கே. சேர்த்த எஞ்சின் யாருடையது என்று கேள்வி வந்தது. மறுபடியும் இங்கே. உடம்பு எங்களுடையது, அதனால் எஞ்சின் எங்களுடையது என்று பதில் போனது. சம்பந்தமே இல்லாத ஒரு மனுஷர் வெயிலில் இரண்டு வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார். பிறகு கிணற்று மேட்டில் வந்து உட்கார்ந்தார். மோர் கொடுத்தேன். அடுத்த வெள்ளி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்கே நம்பிக்கை விட்டுவிட்டது. அந்த வாரத்தில் மட்டைகள் ஒவ்வொன்றாகத் தொங்கின.

அடுத்த வெள்ளியும் அதே கதைதான். பாய் பையைத் தோளில் மாட்டிக் கிளம்பப் போகும்போது, கிழக்கு வரப்பில் அக்கா புல்லுக்கூடையோடு வந்தார். நேரே என்னிடம் வந்து கூடையை இறக்கினார். காய்ந்த புல்லை விலக்கினால் உள்ளே பிஸ்டனும் லைனரும். இரும்பைச் சுமந்து வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"இந்தாத்தா, மாட்டச் சொல்லு. அவரு கேட்டா நான் பேசிக்கிறேன்" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

என் வீட்டுக்காரர் அக்கா முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. பாயோடு கிணற்றுக்குள் இறங்கினார். அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றது, இறைத்தால் ஊற்று வரும் என்றுதான் நம்பினோம். வேலை முடியப் பொழுது சாயத் தொடங்கிவிட்டது. கைப்பிடியைச் சுற்றும் முன் பாய் மேலே பார்த்து, இன்றைக்கு யார் முறை என்று கேட்டார். அன்று அவர்கள் முறை. என் வீட்டுக்காரர் மேலே ஏறி வந்து, மண்வெட்டியை எடுத்து, எங்கள் பக்கத்து மடையை அடைத்துக் கிழக்குப் பக்கத்தைத் திறந்துவிட்டார். முறை முறைதானே.

எஞ்சின் பிடித்துக்கொண்டது. குழாயில் தண்ணீர் வந்தது. அந்தச் சத்தம் கேட்டு மூத்தார் கையில் கம்போடு ஓடி வந்தார். வந்தவர், தண்ணீர் தன் வாய்க்காலில் ஓடுவதைப் பார்த்து அப்படியே நின்றார். கம்பு கையிலேயே இருந்தது. அக்கா என் கையைப் பிடித்திருந்தார்.

அந்தத் தண்ணீர் முதல் தென்னையின் பாத்தியைக்கூட எட்டவில்லை. கலங்கியது, சேறாக வந்தது, பிறகு குழாய் வெறும் காற்றாக இருமியது. பாய் உடனே எஞ்சினை நிறுத்திவிட்டார்.

மூத்தார் கிணற்றோரம் போய்க் குனிந்து பார்த்தார். என் வீட்டுக்காரரும் பக்கத்தில் போய்ப் பார்த்தார். அடியில் ஈர மண் மட்டும் மின்னியது.

"ஏலே அப்பு, தண்ணி இல்லடா" என்றார் மூத்தார்.

"ஆமாண்ணே" என்றார் என் வீட்டுக்காரர்.

அக்கா வாய்விட்டு அழுதார். பாய் மேலே வந்து, கையைக் கழுவத் தண்ணீர் கேட்கத் தயங்கி, மண்ணை அள்ளித் தேய்த்துக்கொண்டார்.

மழை வந்தது. ஐப்பசியில் வந்து கிணறு தளும்பியது. அதற்குள் இரண்டு தோப்பிலும் குருத்து அழுகிக் கொண்டை சாய்ந்துவிட்டது. பிழைத்தது ஒன்றுமில்லை. மூத்தார் குடும்பம் மில் வேலை தேடிப் போனது. கிளம்பும்போது அக்கா என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனார். அடுத்த தையில் நாங்களும் திண்டுக்கல்லுக்குக் குடி வந்தோம். அந்தச் சேர்த்த எஞ்சினைப் பாய்தான் வைகைப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு விற்றுத் தந்தார். விற்பதற்கு முன் அந்த ஆளிடமும் கிணறு யார் யாருக்கு என்று விசாரித்தார். நானும் கடையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது மூத்தாரும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. தென்னை போனதைக்கூட எப்படியோ மறந்துவிட்டேன். ஆனால் 'ஏலே அப்பு' என்று அண்ணன் கூப்பிடவும், 'ஆமாண்ணே' என்று தம்பி பதில் சொல்லவும் ஒரு கிணறு முழுக்க வற்ற வேண்டியிருந்ததே, அதை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறுவதில்லை.