மீதி வந்த இரண்டு செங்கல்

வாசகசாலைச் சுவரில் இதை ஒட்டுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதக் கற்று ஆறு மாதம்தான் ஆகிறது.

ஜெபக்கூடம் கட்ட 20302 செங்கல் வந்திருந்தது. இன்று பெண்கள் ஏழு குழுவாகப் பிரிந்து சுமந்து அடுக்கினார்கள். கணக்குப் பலகை என் கையில்.

ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டி ஒன்பது வந்தால், அந்த எண் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். போன வாரம் இதைக் கற்றதிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இந்த எண்ணின் இலக்கங்களைக் கூட்டினேன். ஏழு வந்தது. ஏழு குழுவுக்கும் சரிசமம் என்று உரக்கச் சொல்லிவிட்டேன்.

கடைசியில், கல் சுமந்தவர்களில் ஒருத்தியான மரியம்மா வந்தாள்.

"குழுவுக்கு ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் தாத்தா. ரெண்டு கல்லு மீதி."

"மீதி வராது. படிக்காதவ, தப்பா எண்ணியிருப்ப" என்றேன்.

ஏழு அடுக்கையும் வெயிலில் மறுபடி எண்ண வைத்தேன். மறுபடியும் இரண்டு மீதி.

அதற்குப் பிறகுதான் பலகையில் ஏழால் வகுத்துப் பார்த்தேன். மீதி இரண்டு.

"என் தப்புதாம்மா. இலக்கத்தக் கூட்டிப் பாக்கறது ஒன்பதுக்குத்தான் சரியா வரும், நான் ஏழுக்கும் வரும்னு நெனச்சுட்டேன்" என்றேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை.

"அந்த ரெண்டு கல்ல நீங்களே தூக்கியாந்து வைங்க" என்றாள் மரியம்மா. வைத்தேன்.

"சரி தாத்தா, ஒம்போதுக்கு மட்டும் இன்னாத்துக்கு சரியா வருது?"

எனக்குத் தெரியவில்லை. நாளைக் காலையும் கேட்பாள். தெரிந்தவர்கள் இந்தத் தாளின் அடியில் எழுதுங்கள், கொஞ்சம் பெரிய எழுத்தாக.