தனபால் அண்ணன் கொடுத்த மாத்திரை

"காலைலயே ஊத்திக்கினு வந்துட்டான் சிஸ்டர்!" என்று கத்திக்கொண்டே சூப்பர்வைசர், பிரஸ் ஆபரேட்டர் டேவிட்டைத் தூக்கிவந்து என் முதலுதவி அறைக் கட்டிலில் போட்டார். பையனுக்கு வாந்தி, மேல்மூச்சு வாங்கியது. குனிந்து மோந்து பார்த்தேன். சாராய வாடை இல்லை, அழுகத் தொடங்கிய பழத்தின் வாடை. சர்க்கரை ஆபத்தான கட்டத்துக்குப் போனால் மூச்சில் வரும் வாடை அது. கம்பெனி வேனை வரச் சொன்னேன்.

1991-இல் ஒரகடம் பக்கம், இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் நான் நர்ஸ். திங்கட்கிழமை காலையில் சர்க்கரைக்காரர்கள் சிறுநீரோடு வருவார்கள். சர்க்கரை இருந்தால் நிறம் மாறும் பெனடிக்ட் சொல்யூஷனில் விட்டுச் சூடாக்குவேன். நீலமாகவே நின்றால் பாஸ், செங்கல் நிறத்துக்குப் போனால் பெயில். ஒருவர் டியூபை இன்னொருவர் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். இந்தச் சங்கத்துக்குத் தன்னைத்தானே தலைவராக்கிக்கொண்டவர் போர்மேன் தனபால். தொப்பையிலும் அதிகாரத்திலும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

விழுவதற்குச் சில வாரம் முன்புதான் வடக்குப்பட்டுப் பையன் டேவிட் திடீரென இளைத்து, ஓயாமல் தண்ணீர் குடித்தான். டியூப் செங்கல் நிறம் காட்டியது. டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும் என்றேன். தலைவர் விடுவாரா? "டாக்டர் இன்னா புச்சா சொல்லப் போறாரு? நான் முழுங்குறதையே முழுங்குடா" என்று தன் மாத்திரையைக் கொடுத்துவிட்டார். அதை நம்பித்தான் இவன் லைனில் விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் இன்சுலின் ஏற்றியதும் பிழைத்தான். ஆனால் வேலைக்குத் திரும்பியவன் ஊசியைத் தொடமாட்டேன் என்று அடம்பிடித்தான். "அண்ணனுக்கும் சுகர்தானே சிஸ்டர்? அவருக்கு மட்டும் மாத்திர, எனக்கு ஊசியா?"

இருவரையும் உட்காரவைத்தேன். "ரத்தத்துல இருக்கற வெள்ளை அணுக்கள் நமக்கு வாட்ச்மேன் மாதிரி. டேவிட், உன் வாட்ச்மேனுங்க உள்ளே பூந்து, இன்சுலின் பண்ற மெஷினையே அடிச்சு நொறுக்கிட்டாங்க. அண்ணன் மாத்திரை, ஓடற மெஷினைத்தான் தட்டிவிடும். உனக்குத் தட்டிவிட மெஷினே இல்லை."

தனபால் மார்பை நிமிர்த்தினார். "அப்போ நம்ம வாட்ச்மேன் நல்லவன்!"

அவருடைய வாட்ச்மேன்களும் யோக்கியர்கள் இல்லை. தொப்பைக் கொழுப்பில் கூட்டம் கூடி அழற்சியை மூட்டிவிடுவார்கள். இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்காமல் போவதில் அவர்களுக்கும் பங்குண்டு. இதைப் பின்னாளில் ஒரு பயிற்சி வகுப்பில்தான் கேட்டேன். அன்றே தெரிந்திருந்தால் மனுஷனைச் சும்மா விட்டிருப்பேனா?

ஆனால் "ஊசி போடலைன்னா என்ன ஆவும்?" என்று டேவிட் கேட்க, "செத்துடுவே" என்று நான் சொன்னதும் தனபாலின் முகம் தொங்கிவிட்டது. ஷாப்பில் யாரிடமும் தப்பை ஒத்துக்கொள்ளாதவர், "என்னாலதான்டா விழுந்தே. குடு சிஸ்டர், நானே போட்டு வுடுறேன்" என்று சிரிஞ்சை வாங்கினார். டெட்டனஸ் ஊசிக்கே கண்ணை மூடிக்கொள்ளும் ஆள். நெற்றி வேர்த்தது. ஊசி டேவிட்டின் தொடைக்கு மேலே அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ்களுக்குச் சொல்கிறேன்: சர்க்கரை என்று ஒரே பேரில் வந்தாலும் இருவருக்கும் ஒரே நோய் என்று நினைக்காதீர்கள். அன்று அதை நான் எவ்வளவு விளக்கியும் டேவிட் அசையவில்லை. தனபால் படும் பாட்டைப் பார்த்ததும், சிரிஞ்சை வாங்க அவனே கையை நீட்டினான்.

"குடுண்ணே, நீ குத்துறதுக்குள்ள மயக்கம் போட்டு வுழுந்துடுவே. நானே போட்டுக்கிறேன்."