காவ்யா என்று சேமித்த இடம்

எதிர்வீட்டு ராதிகாவின் குழந்தை காவ்யா மூன்று மாதம்கூட இருக்கவில்லை. காய்ச்சலில் போய்விட்டாள். எங்கள் பாரிவாக்கத்தில் சுடுகாட்டு ஓரமாகத்தான் பிள்ளைகளைப் புதைப்பார்கள். பெண்கள் அங்கே போகக் கூடாதாம். பெற்றவள் வீட்டில் கிடக்க, ஆம்பிளைகள் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கணவன் அரவிந்தனிடம் ராதிகா ஒன்றுதான் கேட்டாள்.

"பொதைக்கிற எடத்துலர்ந்து எனுக்கு லொகேஷன் அனுப்பு."

அவனும் அனுப்பினான். அவளால் உடனே பார்க்க முடியவில்லை. அவன் திரும்பி வந்து குளித்து, வீடெல்லாம் கழுவிவிட்ட பிறகுதான் திறந்தாள். மேப்பில் தெரிந்த புள்ளியை 'காவ்யா' என்று பெயர் போட்டுச் சேமித்தாள். அப்புறம் அதைத் தொடவேயில்லை. அது போனில் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் மறுபடி அம்பத்தூர் கம்பெனிக்கு வேலைக்கே போனாள்.

வருஷம் திரும்பியது. நானே போய்ப் பால் ஊற்றுவேன் என்றாள். மாமியார் தடுத்ததைக் காதில் வாங்கவில்லை. இடம் காட்ட அரவிந்தனும் துணைக்கு நானும் போனோம். போய்ப் பார்த்தால் புதரும் இல்லை, மேடும் இல்லை. பொக்லைன் விட்டு எல்லாவற்றையும் சமமாக இழுத்துவிட்டிருந்தார்கள். அரவிந்தன் திருதிருவென்று விழித்தான்.

"பொதச்சிட்டு வரசொல்ல திரும்பிப் பாக்கக் கூடாதுன்னாங்க. நான் பாக்கல."

"நீ பாக்காட்டி இன்னா? எங்கிட்ட எடம் கீது," என்றாள் ராதிகா.

அவள் தம்பி பிரசன்னா சேக்காட்டுப் பக்கம் மனை அளக்கிறவன்; அவனை வரவழைத்தாள். அவள் போனிலிருந்த அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் தன் கருவியில் ஏற்றினான். அம்புக்குறி சுடுகாட்டுக்கு வெளியே காட்டியது. ராதிகா பால் சொம்போடு அது காட்டிய பக்கம் நடந்தாள். எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் பிரசன்னா கருவியைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். இடம் அவள் வீட்டு வாசலில் வந்து முடிந்தது.

பிரசன்னா அவள் போனை வாங்கிப் பழைய மெசேஜைப் பார்த்தான்.

"மாமா, நீ லைவ் லொகேஷன் போட்டுக்கீற. நீ போற பக்கமெல்லாம் புள்ளியும் கூடவே வரும். அக்கா தொறந்து பாக்கசொல்ல நீ ஊட்டாண்ட வந்துட்டுக்கீற."

அரவிந்தன் அப்படியே தெருவில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். எனக்கு முதலில் திட்டத்தான் வந்தது. பாவம், பிள்ளையைப் புதைத்துவிட்டு நிற்கிறவன் எதை அமுக்கினோம் என்றா பார்ப்பான்?

வாசலிலேயே ஊற்றிவிடு, குழந்தைக்குப் போய்ச் சேரும் என்றாள் மாமியார்.

"இந்த ஊட்ல அவ இல்ல அத்த. அது எனுக்குத் தெரியாதா?" என்றாள் ராதிகா.

மறுபடி சுடுகாட்டுக்கே நடந்தாள். அந்த வெறும் மண்ணில் ஒரு மூலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே போனாள். பாதி இடம் தாண்டுவதற்குள் சொம்பு காலியாகிவிட்டது. அதைக் கவிழ்த்துப் பிடித்தபடியே நின்றாள். எனக்குத் தாங்கவில்லை. கடைக்கு ஓடி இன்னும் ரெண்டு பாக்கெட் பால் வாங்கி வந்து கொடுத்தேன்.