ஆறு மெகாபைட்டை நான்கில் அடைக்கப் பாண்டிக்குப் போனேன்

வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். 1987 ஆகஸ்ட் வெயிலில், பாண்டி பேருந்து நிலையத்தில் குரங்குக் குல்லாவும் மச்சானின் கம்பளிச் சட்டையுமாக இறங்கியவன் நான். கம்ப்யூட்டர் அறை ஐஸ்பெட்டி மாதிரி இருக்கும் என்று ஆபீசில் பயமுறுத்தியிருந்தார்கள். அங்கே போய்ப் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றவில்லை. ரிக்‌ஷாக்காரர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஜுரமா சார்? பெரியாஸ்பத்திரிக்கு உடவா?" என்றார்.

சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக நூற்றறுபது கிலோமீட்டர், நாலு மணி நேரம். பாண்டி நிலையத்திலிருந்து ஊரோரத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கு டவுன் பஸ் உண்டு. குல்லாவோடு பஸ் ஏறக் கூச்சப்பட்டு ரிக்‌ஷாவிலேயே போனேன்.

நான் போன ஆலையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு மெகாபைட் நினைவகம். அதைப் பாகம் பிரித்து, ஒரே இயந்திரம் தன்னைப் பல இயந்திரமாக நினைத்துக்கொண்டு ஓடும்படி வைத்திருந்தார்கள். முதலாவதில் சம்பளமும் வருகையும், மூன்று மெகாபைட். இரண்டாவதில் சரக்குக் கணக்குக்கு ஒன்று, பரிசோதனைக்கு இரண்டு. வாரம் முழுக்க டேப்பில் எடுத்த நகலைச் சனிக்கிழமை அந்த இரண்டு மெகாபைட்டில் ஏற்றி, கணக்கு உயிரோடு திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். பார்ப்பவர் அந்துவான். முன்பு வேலை பார்த்த பஞ்சாலை மூடியதும் இந்த வேலையைக் கற்றுக்கொண்டவர், ஐம்பதை நெருங்கியவர், படிக்கிற வயதில் இரண்டு பெண்கள்.

இரண்டாவது இயந்திரத்தை விற்றுவிட்டு எல்லாவற்றையும் ஒன்றிலேயே ஓட்ட முடியுமா என்று மேனேஜருக்குத் தெரியவேண்டும். அதைக் கணக்குப் பார்த்து எழுதிக் கொடுக்கத்தான் சென்னையிலிருந்து என்னைக் கூப்பிட்டிருந்தார். விற்றால் அந்துவானுக்கு வேலை இல்லை. அது அவருக்கும் தெரியும். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நீங்க எழுதறதுலதான் என் சோறு இருக்கு சார். பொய் எழுத வேணாம். உள்ளத எழுதுங்க, போதும்."

உள்ளதே அவர் பக்கம்தான் இருந்தது. மூன்று, ஒன்று, இரண்டு, ஆக ஆறு. நான்கில் ஆறு அடங்காது. கையெழுத்தெல்லாம் அழகாக வர, மூன்று வரியில் எழுதி நீட்டினேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன், கம்பளிச் சட்டைக்குள்.

மேனேஜர் மீசைக்கு மை போடுகிறவர். (உதட்டோரம் வழிந்திருந்தது, எல்லோரும் பார்த்தும் யாரும் சொல்லவில்லை.) தாளைப் பார்த்தார். பேனாவால் மூன்றாவது வரியை அடித்தார். "டெஸ்டுக்குத்தானே இடம் பத்தல? டெஸ்ட எடுத்துட்டா நாலுதானே?"

நகல் கெட்டிருந்தால் எப்படித் தெரியும், அந்த ஒரு இயந்திரமும் படுத்தால் எங்கே ஏற்றுவது என்று என்னென்னவோ பேசினேன். என்னைக் கூப்பிட்டது நினைவகம் பற்றிச் சொல்லத்தான் என்று நினைவூட்டினார். அந்துவானை அழைத்து, மாசக் கடைசியோடு கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்றார். அந்துவான் தலையாட்டிவிட்டு என்னிடம் திரும்பினார். "இன்னைக்கி சனிக்கிழமை, டேப்ப மட்டும் பாத்துட்டு வந்துடறேன் சார். நீங்க கொஞ்சம் உக்காருங்க."

உட்கார்ந்திருந்தேன். அவர் வெளியே வந்து, "நல்லாருக்குது சார், எல்லாம் திரும்ப வந்துருச்சி" என்றார். பஸ் வரை என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாங்க முயன்றேன், விடவில்லை. சிரிக்கவைக்க ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். அது ஒன்றுதான் எனக்கு எப்போதும் கைகொடுக்கிற வித்தை. அன்றைக்கு அதுவும் வரவில்லை.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: காலை முதல் வண்டியைப் பிடியுங்கள், கம்பளியைப் பைக்குள் வையுங்கள். பரிசோதனைக்கான நினைவகத்தைத் தனி வரியாக எழுதாதீர்கள். தனி வரி அடிப்பதற்கு வசதி. ஒவ்வொரு வேலையோடும் சேர்த்து, கரைத்து எழுதுங்கள்.

பின்னால் விசாரித்தேன். அந்த ஆலை மூடும்வரை அந்த ஒற்றை இயந்திரம் ஒரு நாளும் நிற்கவில்லை. நகல் டேப்பை யாரும் தேடவேண்டி வரவே இல்லை.